சிட்டம்மா யாருக்குச் சொந்தம்

மடுல்சீமையில் கொழுந்து லொறி ஓட்டும் சுரேஸைக் கொஞ்ச நாளாக யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. லொறி தேயிலை ஸ்டோர் வாசலுக்குள் திரும்பினால் போதும், "புளுகு மூட்டை வந்திருச்சு, இறக்குங்கடா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். கொழுந்து இறக்குகிறவர்கள் சிரிப்பார்கள். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியிலிருந்தும் சிரிப்பு இறங்கி வரும்.

அங்கே சுரேஸும் சேர்ந்து சிரித்துச் சமாளித்துவிடுவான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிகிற சத்தத்தில்தான் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக் காம்பராப் பிள்ளை தூக்கம் கலைந்து அழும்.

விஷயம் இதுதான். அவன் மனைவி சுதர்ஷினி, எல்லாருக்கும் சுதா, கலியாணத்துக்கு முன்னால் பசறையில் றில்வான் தன் கடையில் நடத்திய கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனவள். வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் றில்வானோடு உட்கார்ந்து ஒரு கேம் செய்தாள். பேர் 'ஓடு சிட்டம்மா'. சிட்டம்மா கொழுந்து பறிக்கிறவள். நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு. புல்லிலிருந்து அட்டை தாவும், மரத்திலிருந்து குளவி கலையும், ஓடை பொங்கிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் தாண்டி, நிறைந்த கூடையோடு, லொறி புறப்படுவதற்குள் நிறுவைக்கு ஓடிச் சேரவேண்டும். பிந்திவிட்டால் லொறி டிரைவர் கையசைத்துவிட்டுப் போவான். அவன் அசைக்கிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். அந்த டிரைவரைப் படமாகக் கீறும்போது சுரேஸ் என்று ஒரு லொறிக்காரன் உலகத்தில் இருப்பதே சுதாவுக்குத் தெரியாது.

கவர் இல்லாமல் சீடியிலிருந்து சீடிக்குப் பதிந்து பதுளை, பண்டாரவளை, மொனராகலை என்று அந்தக் கேம் போகாத இடமில்லை. இரண்டாம் பாகத்தில் சிட்டம்மா பதுளை டவுனுக்குள் ஓடினாள். மூன்றாம் பாகத்தில் ரயிலைப் பிடிக்க ஓடினாள். அன்றைக்கு விளையாடியவர்கள் இன்றைக்குப் பிள்ளை குட்டிக்காரர்கள். அவர்களில் யாரோ பழைய சீடியைத் தேடியெடுத்து யூடியூபில் விளையாடிக் காட்ட, ஊவா மாகாணம் முழுக்க மறுபடியும் சிட்டம்மா பைத்தியம் பிடித்தது. கொழும்புக் கொம்பனி ஒன்று மூன்று பாகத்தையும் போனில் கொண்டுவரப் போவதாகச் சொல்லி, பசறைக்கு வந்து றில்வானை வீடியோ எடுத்தது.

சுரேஸ்தான் ஸ்டோரில் எல்லாரையும் கூட்டிவைத்து அந்த வீடியோவைப் போட்டான். இருபது வருசமாகத் தன் பெண்சாதியின் கேம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இனியாவது நம்பட்டும் என்று போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

றில்வான் அதில் பசறை முஸ்லிம்களின் பேச்சில் சொன்னார்: "எல்லாம் நான் தனியத்தான் செஞ்ச. படம் கீறுறதுக்கு மட்டும் தோட்டத்துல இருந்து ஒரு புள்ள வந்து உதவி செஞ்ச."

அவ்வளவுதான். வீடியோ முடிந்தது. சிரிப்பு தொடங்கியது.

*

"நீ பாட்டுக்கு மாவு பெசைஞ்சுக்கிட்டு இருக்கியே, உனக்கு ரோசமே வரலியா?" என்றான் சுரேஸ்.

சுதா பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறாள். மலைக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, அப்போதுதான் வந்து ரொட்டிக்கு மாவைத் தொட்டிருந்தாள். வெளியே பனி லயத்து வாசல்வரை ஏறி நின்றது.

"வந்துச்சு. வந்து என்ன செய்ய? ரோசத்தப் போட்டா ரொட்டி வேகுமா?"

"பகிடி பண்ணாத. நான் பொய்யனாகிட்டேன்ல."

"நீங்க பொய்யன் ஆனதுதான் உங்களுக்குப் பெருசு. நான் 'ஒரு புள்ள' ஆயிட்டேன். அது?"

சுதா உருண்டையைத் தட்டித் தகரத்தில் போட்டாள்.

"பேர் மறந்துபோச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டுருப்பேங்க. வயசாயிருச்சு மனுசனுக்குன்னு நெனச்சிருப்பேன். மறக்கல. அந்த எடத்துல மட்டும் கேமராவப் பாக்காம கீழ பாத்துப் பேசுறாரு, கவனிச்சீங்களா? வேணும்னுதான் சொல்லல."

"அப்ப கேஸ் போடுவோம்."

"யாரு மேல? றில்வான் நானா மேலயா? புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் எனக்கு அண்ணன் அக்கா மாதிரி. அந்த வீட்டுல எத்தன நாள் சோறு தின்னுருக்கேன். ஸைனப் ராத்தா எனக்கு எடுத்து வைக்காம ஒரு கறியும் இறக்க மாட்டாங்க."

"சோறு போட்டா கேமைத் தூக்கிக் குடுத்துருவியா?"

"குடுக்கமாட்டேன்," என்றாள் சுதா. சத்தமில்லாமல்தான் சொன்னாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "சிட்டம்மாவ நான் குடுக்கமாட்டேன்."

அன்றைக்கு ரொட்டி கருகவில்லை. ஆனால் கட்டச்சம்பலில் மிளகாய் கூடிப்போய், இரண்டு பேரும் கண்ணீர் வடிய வடியத் தின்றார்கள். சுரேஸுக்கு அதிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

*

பதுளையில் பார்த்த சட்டத்தரணி அம்மா சின்ன வயசுக்காரி. முதல் பேச்சிலேயே, "நானும் விளையாடியிருக்கேன். அந்த லொறி டிரைவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது," என்றாள். சுரேஸ் கூரையைப் பார்த்தான்.

"படம் உங்களுது. புரோகிராம் அவருது. ரெண்டையும் பிரிச்சா கேமே இல்ல," என்றாள் அவள். "கொழும்புக் கோர்ட்டுக்குப் போனா நீங்க வெல்லலாம். ஆனா அது முடியுறதுக்குள்ள சனங்க சிட்டம்மாவ மறுபடியும் மறந்துருவாங்க. கொம்பனிக்காரங்ககிட்டப் பேசினேன். யாருக்குச் சொந்தம்னு தீராம தொடமாட்டாங்களாம். தீரலைன்னா வேற வேலையப் பாக்கப் போயிருவாங்க. மொதல்ல பசறை மத்தியஸ்த சபைக்குப் போங்க. ரெண்டு பேரும் மனசொத்துக் கையெழுத்து வச்சா போதும்."

"ஒத்து வராட்டி?" என்றான் சுரேஸ்.

"வராட்டித்தான் நான் இருக்கேனே. ஆனா எனக்கு வேலை வைக்காதீங்க."

*

மத்தியஸ்த சபை பசறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. வளைவுக்கு வளைவு மண் கரைந்து ரோட்டில் செம்மண் தண்ணீர் ஓடியது. முழங்கால்வரை நனைந்த கோலத்தில் சுதாவும் சுரேஸும் பள்ளிக்கூட வராந்தாவில் ஏறினபோது, மறுகோடியில் றில்வான் கொம்பியூட்டர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவர் மனைவி ஸைனப் திரும்பவில்லை. நேராக வந்து சுதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சுதா, இப்படி மெலிஞ்சு போய்ட்டியே."

"நான் எங்க ராத்தா மெலிஞ்சேன், மழையில சேலை ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அந்த வீடியோவப் பாத்துட்டு நான் நல்லா ஏசின. அதுல இருந்து மனுசன் என்னோடயும் பேசுற இல்ல. நான் பாட்டுக்கு ஈக்கிறன்." ஸைனப் பையைத் திறந்தாள். "வா, பேக்கரிப் பணிசும் சீனிச் சம்பலும் ஈக்கி. உள்ளுக்குக் கூப்பிட நேரமாகும்."

சுதாவின் பையில் ரொட்டி இருந்தது. இரண்டு பெண்களும் வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒன்றையொன்று மாற்றித் தின்றார்கள். பிள்ளைகள் எப்படி, முழங்கால் வலி எப்படி, தேங்காய்க்கு வந்த கேடு என்ன என்று பேச்சு ஓடியது. வழக்காளிகளின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இப்படி ஒரு விருந்து நடப்பதைப் பார்த்து, வேறு வழக்குக்கு வந்த காணிச் சண்டைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். வராந்தாவின் இரண்டு கோடியிலும் இரண்டு புருஷன்மார் பசியோடு நின்றார்கள். கடைசியில் ஸைனப் எழும்பிப்போய் ஒரு ரொட்டியைத் தன் புருஷனின் கையில் வைத்தாள். அது யார் சுட்டது என்று அவர் கேட்கவில்லை. முழுவதையும் தின்றார்.

உள்ளே சின்னப் பிள்ளைகளின் மேசைக்குப் பின்னால் மூன்று மத்தியஸ்தர்கள் இருந்தார்கள். தலைவர் பெரியாயி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவமாதாக இருந்து ஓய்வுபெற்றவர். பசறைச் சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் பிறந்தபோது முதலில் திட்டியது தான்தான் என்று அவரே சொல்லுவார். பக்கத்தில் ஓய்வுபெற்ற சிங்களத் தலைமையாசிரியர் ஒருவர், ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவர்.

"யாரு மொதல்ல பேசுறீங்க?" என்றார் பெரியாயி.

றில்வான் எழும்பினார். "அம்மா, புரோகிராம் ஒவ்வொரு வரியும் என்ட கையால எழுதின. மிசின் என்ட மிசின். இந்தப் புள்ள வந்து..."

"எனக்குப் பேரு இருக்கு நானா," என்றாள் சுதா.

றில்வான் கொம்பியூட்டர் பையைக் கீழே வைத்தார். பிறகு பேசின குரலே வேறு.

"பேர் தெரியும். மறந்தாத்தானே. மூணாவது பாகம் அரைவாசியில ஈக்கக்குள்ள, படத்தைக் கீறித் தராம, சொல்லாமப் பறையாமப் போனவட பேரை நான் எப்படி மறக்குற? நாளைக்கி வருவா, நாளைக்கி வருவான்னு பாத்துட்டு ஈந்த. ஸைனப்கிட்டயும் சென்ன, அவளுக்கும் சேத்துச் சோறு ஆக்குன்னு. வரல்ல. ஒரு சொல்லு சொல்லியனுப்பல்ல."

"ரோடு சரிஞ்சு மாசக்கணக்குல பஸ்ஸே இல்லியே நானா அப்ப! எங்க தோட்டத்துல போன் இருந்தது ஒரே எடத்துல, தொரை ஆபீஸ்ல. அங்க போயி, எனக்குக் கேம் செய்ய வேண்டியிருக்கு, பசறைக்கு ஒரு கோல் குடுங்கன்னு கேக்கச் சொல்றீங்களா?" சுதாவுக்கு மூச்சு வாங்கியது. "ரோடு தெறக்குறதுக்குள்ள அப்பா கலியாணத்தப் பேசி முடிச்சிட்டாரு. நான் வந்தேன். கலியாணப் பத்திரிகை எடுத்துக்கிட்டு உங்க கடைக்குத்தான் மொதல்ல வந்தேன். வாசல்ல மூணாவது சீடி தொங்குது. மொத ரெண்டு கவர்லயும் இருந்த எம் பேரு இல்ல, உங்க பேரு மட்டும் இருக்கு. அப்பிடியே திரும்பிட்டேன்."

"வாசலுக்கு வந்த?" என்றார் றில்வான்.

"வந்தேன்."

"உள்ளுக்கு வரல்ல?"

"எந்த மூஞ்சியோட வர்றது?"

ஸைனப் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சுரேஸ் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்திரிகை கொடுக்கப் போனவள் அன்றைக்கு வாடிப்போய் வந்ததாக மாமியார் பிறகு ஒருநாள் சொன்னது உண்டு. கலியாணப் பயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பெரியாயி தொண்டையைச் செருமினார். "இவ்வளவு சண்டை போடுறீங்க, அந்தச் சிட்டம்மாவ நான் இன்னும் கண்ணால பாக்கலியே. கொண்டாங்க இங்க. காட்டுங்க."

றில்வான் கொம்பியூட்டரைத் திறந்து மேசையில் வைத்தார். முதல் பாகம் எழும்பியது. பச்சை மலை, வளைந்து போகிற ரோடு, மூலையில் சின்ன லொறி. எந்த விசையை அமர்த்தினால் ஓடுவாள், எந்த விசையை அமர்த்தினால் தாவுவாள் என்று அவர் சொல்லிக்கொடுக்க, பெரியாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு விரலை நீட்டினார். சிட்டம்மா எடுத்த எடுப்பிலேயே ஓடைக்குள் விழுந்தாள்.

"ஐயோ, செத்துப்போயிட்டாளா?"

"இல்லம்மா, நனைஞ்சுட்டு மறுபடி வருவா," என்றாள் சுதா.

அடுத்த தரம் அட்டை காலைப் பிடித்தது. அதற்கடுத்த தரம் குளவி.

"தாவுங்கம்மா!" என்றார் றில்வான்.

"தாவாதீங்கம்மா, குளவி ஒருக்கா சுத்தி வரட்டும்!"

"அவ சொல்றது சரி, நில்லுங்க... இப்ப! இப்பத் தாவுங்க!"

"கல்லு மேல காலு வைங்க!"

"கல்லு மேல, கல்லு மேல!"

இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் குனிந்து ஒரே சொல்லை ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஹாட்வெயார் கடைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். வராந்தாவிலிருந்த காணிச் சண்டைக்காரர்கள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். சிட்டம்மா நிறைந்த கூடையோடு நிறுவையை எட்டும்போது லொறி நகர ஆரம்பித்துவிட்டது. டிரைவர் கையசைத்தான்.

"நாசமாப் போறவன்!" என்றார் பெரியாயி.

சுரேஸ் மெல்ல நகர்ந்து ஸைனபுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

தலைமையாசிரியர் மூன்றாம் பாகத்தையும் காட்டச் சொன்னார். றில்வானுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. தயங்கித் தயங்கித்தான் திறந்தார். ரயில்வே ஸ்டேஷன் வந்தது. சிட்டம்மா வந்தாள். வெளிவந்த பிறகு அந்த மூன்றாம் பாகத்தை ஒருநாளும் தொட்டுப் பார்க்காத சுதா, பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்ன நானா இது! கூடை தோள்ல தொங்குது. கொழுந்துக் கூடையா, ஸ்கூல் பேக்கா?"

"எனக்குக் கீற வருமா? கேக்கவும் ஆள் இல்ல."

"கையப் பாருங்க. ரெண்டும் இடது கை!"

தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பெரியாயிக்குத் தாவி, ஸைனபுக்குத் தாவி, ஜன்னல்வரை போனது. கடைசியாகச் சிரித்தவர் றில்வான். சிரிப்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணாவது பாகம் சரியில்லன்னு எல்லாரும்தான் சென்ன. ஏன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல," என்றார். பிறகு சுதாவைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்தடவையாக நேராகப் பார்த்தார். "வீடியோவுல ஒன்ட பேரைச் சென்னா, மூணாவதுல ஏன் அந்தப் பேர் இல்லன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட என்ன பதில் ஈக்கி? அதுக்குத்தான் அப்படிச் சென்ன. பிழைதான் சுதா. கவரும் பிழை, வீடியோவும் பிழை."

சுதா கொம்பியூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் ரயில் புகை விட்டுக்கொண்டு நின்றது.

"நானும் உள்ள வந்து சண்டை போட்டிருக்கணும் நானா," என்றாள். "அப்பவே ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா தீர்ந்திருக்கும்."

*

அதற்குப் பிறகு எழுதுகிற வேலைதான். மூன்று பாகமும், சிட்டம்மாவும், அந்தப் பேரும் இரண்டு பேருக்கும் சரிபாதி சொந்தம். ஒருவரைக் கேட்காமல் மற்றவர் யாருக்கும் கொடுக்கக்கூடாது. மூன்றாம் பாகத்துக்குச் சுதா புதிதாகப் படம் கீறித் தந்த பிறகுதான் அது வெளியே வரவேண்டும். இந்த நிபந்தனையைப் போட்டதே றில்வான். கேம் தொடங்கும்போது இரண்டு பேர் பேரும் வரவேண்டும்.

அங்கேதான் மறுபடியும் முட்டியது.

"யார் பேரு முன்னுக்கு?" என்று கேட்டுவிட்டார் ஹாட்வெயார் கடைக்காரர்.

"எம் பொஞ்சாதி பேருதான்," என்றான் சுரேஸ்.

"அதெப்படி? மூணாவது முழுக்க நான் தனிய..." என்றார் றில்வான்.

"அந்த ரெண்டு இடது கையச் சொல்றீங்களா?"

எல்லாம் கூடிவந்த நேரத்தில் மறுபடியும் குரல் உயர்ந்தது. பெரியாயி பேனாவை மூடிவைத்தார். ஸைனப்தான் வழி சொன்னாள். பாலர் பள்ளியில் படிப்பித்தவள். "எழுத்து வரிசையில போடுங்கோ. தமிழ்ல 'சு' முன்னுக்கு, 'றி' பின்னுக்கு. சுதா முதல்ல வரட்டும். இங்கிலீஷ்ல ஆர் முந்தி, எஸ் பிந்தி. அங்க இவர் முதல்ல வரட்டும்."

"சிங்களத்திலும் ர தான் முந்தி," என்றார் தலைமையாசிரியர், தெளிவான தமிழில்.

சுரேஸ் விரலை மடக்கிப் பார்த்தான். "அப்ப ரெண்டு பாஷையில அவரு, ஒண்ணுலதான் நம்மளா?"

"விடுங்க," என்றாள் சுதா. "சிட்டம்மா பேசுறது தமிழ்தானே."

கையெழுத்து விழுந்தது. அடுத்த வழக்குக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் உள்ளே வருவதற்கு முன்னால், அந்த நிறுவையை எட்டுகிற வழியை இன்னொரு தரம் காட்டச் சொல்லிப் பெரியாயி கேட்டார்.

*

மறுவாரமே றில்வானும் ஸைனபும் மடுல்சீமைக்கு வந்தார்கள். பஸ்ஸில் வரவேண்டாம் என்று சுரேஸ் போய்க் கூட்டிவந்தான். வருகிற வழியில் ஸ்டோரில் நிறுத்தி, றில்வானை இறக்கி, "இவருகிட்டயே கேளுங்கடா," என்றான். என்ன ஏது என்று தெரியாமல் விழித்த றில்வான், கேள்வி புரிந்ததும், "பாதி அவ செஞ்ச. நல்ல பாதி," என்றார். மேல்மாடியில் யாரோ விசில் அடித்தார்கள்.

மழை விட்டு வெயில் அடித்தது. சுதாவின் முன்காம்பராவில் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கொம்பியூட்டரைத் திறந்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். குசினியில் சுரேஸ் தேங்காய் துருவினான். ஸைனப் மரவள்ளிக்கிழங்கை இறக்கி வடித்தாள். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்குமுன்பே முன்காம்பராவில் சத்தம் கிளம்பிவிட்டது.

"கூடையோட ரயில்ல ஏற விடமாட்டாங்க சுதா. கீழ வெச்சிட்டுத்தான் ஏறோணும்."

"கூடைய அவ கீழ வைக்கமாட்டா நானா."

"ரயில் கார்ட் விடமாட்டான்!"

"அப்ப கார்டைத் தாண்டிக் குதிப்பா. அதுக்கு ஒரு பட்டன் எழுதுங்க."

"எழுதுறது லேசா? ஒனக்குக் கீறுறது மட்டும்தானே வேல!"

"என்னது, கீறுறது மட்டுமா?"

மேசையில் கை தட்டுகிற சத்தம் கேட்டது. சுரேஸ் துருவலைப் பாதியில் விட்டுவிட்டுப் பதறி எழும்பினான். "ஐயையோ, மறுபடியும் தொடங்கிட்டாங்க. போய் வெலக்கி விடட்டுமா?"

ஸைனப் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரிங்கோ தம்பி," என்றாள். "வேல நடக்குது."